எண்ணெய்த் தாள்

குன்னூர் லேப்பில் ஊசியை இழுத்த பையன்
பாதியில் நிறுத்திவிட்டான்.
குழாயில் ஏறியது சிவப்பு இல்லை,
ரோஸ்மில்க் நிறத்தில் ஏதோ.
உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவந்தான்,
அவர் இன்னொருவரை.
மூன்று பேர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க
நிரோஷா கையை மடக்கிப் பஞ்சை அழுத்தியபடி
என்னைத்தான் பார்த்தாள்,
ஏதோ தப்புச் செய்து மாட்டியவள் போல.

அரைமணி நேரத்தில் மேலே ஏடு கட்டியிருந்தது.

அதற்கு முன் எத்தனை பெயர் வைத்தோம்
அந்த வயிற்றுவலிக்கு.
பூச்சி என்றோம். கண்ணூறு என்றோம்.
கணக்குப் பரீட்சை என்றார் அவள் அப்பா.
முழங்கையில் மஞ்சள் மஞ்சளாய்க் குருணை எழும்பியபோது
அம்மை என்று வேப்பிலை தேடினேன்.
கோத்தகிரிக் குளிரில் வேப்பமரம் ஏது?
மேட்டுப்பாளையம் போகிற ஜீப்பில் சொல்லிவிட்டு
இரண்டு நாள் காத்திருந்தேன்.

கோயம்புத்தூர் டாக்டர் எடுத்த எடுப்பில் கேட்டார்:
"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"
மாமன் மகன், என்றேன்.
கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொல்லியிருப்பேன்.
கப்பலில் வந்திறங்கி
ஒரே லைனில் வீடு கிடைத்த நாலு குடும்பம் எங்களுடையது.
இந்த மலையில் எங்களுக்கு யார் பெண் கொடுப்பார்?
கொடுத்தும் எடுத்தும் நாலுக்குள்ளேயே சுற்றினோம்.
டாக்டர் இரண்டு வட்டம் போட்டு
ஒவ்வொன்றிலும் பாதியைக் கறுப்படித்தார்.
கீழே ஒரு வட்டம். அதை முழுசாக அடித்தார்,
தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி.

சாப்பிடுகிற கொழுப்பை ரத்தத்தில் வெட்டிக் கரைக்க
எல்லாருக்கும் ஒரு கத்தரி உண்டாம்.
இவளுக்கு அது இல்லை.
வெட்டுப்படாமல் அப்படியே சுற்றுகிறதாம்.
நான் கொடுத்த பாலுமா, என்று கேட்க நினைத்தேன்.
குடித்துவிட்டு முழங்காலை வயிற்றோடு மடக்கி
விடிய விடிய அழுவாள்.
பசி என்று மறுபடி மறுபடி கொடுத்தேன்.
கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

நான் வேலை பார்ப்பது வர்க்கி பேக்கரியில்.
டால்டா தடவி, மடித்து, தேய்த்து, மறுபடி மடித்து
ஊருக்கெல்லாம் அடுக்கடுக்காய்க் கொழுப்பு கொடுத்துவிட்டு
வீட்டில் தேங்காய்ச் சில்லை நகத்தளவு நறுக்குகிறேன்.
ஒரு நாளைக்கு மொத்தமே பதினைந்து கிராம்.
நிலக்கடலை எண்ணி மூன்று.
முட்டையில் வெள்ளை அவளுக்கு, மஞ்சள் அவள் அப்பாவுக்கு.
அவர் இப்போதெல்லாம் அதை
வெளியே போய் நின்று தின்கிறார்.

வகுப்பில் எதிர்த்துப் பேசினாளாம்.
"உனக்குக் கொழுப்பு ஜாஸ்திடி" என்று டீச்சர் கத்த,
"ஆமா மிஸ், நாலாயிரத்து இருநூறு."
என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள்.
ஃபைலோடு போனேன்.
படித்து முடித்த டீச்சர்
விரலில் இருந்த சாக்பீஸ் தூளையே
வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

அவரிடம்தான் கற்றுக்கொண்டாள் போல:
தின்பதைத் தாளில் தேய்த்து வெளிச்சத்தில் பிடி,
கொழுப்பு பட்ட இடம் கண்ணாடியாகும்.
அன்றிலிருந்து வீட்டில் எதுவும் தப்பவில்லை.
முறுக்கு, சோப்பு, கோயில் பொங்கல்,
நாய்க்கு வைத்த பிஸ்கட்.
ஜன்னலோரம் தாள் தாளாய்,
பென்சிலில் பெயர் எழுதி.

நேற்று நான் வந்து சேலைகூட மாற்றவில்லை,
கையைப் பிடித்து இழுத்து நோட்டுத் தாளில் அழுத்தினாள்.
உள்ளங்கை முழுசாய்ப் பதிந்தது, ரேகையெல்லாம்.
தூக்கிப் பிடித்தாள்.
அந்தக் கை வழியாகத் தெருவிளக்கு தெரிந்தது,
எதிர்வீட்டுத் துணிக்கொடி தெரிந்தது.
"அம்மா, உன்னைத் தின்னக் கூடாது" என்று சிரித்தாள்.
கீழே எழுதினாள்: அம்மா. ஆகாது.

நாளைக்கு மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்.
ஆறு மணிப் பஸ். வெறும் வயிறு.
அவள் ஸ்வெட்டரைத் துவைத்துப் போட்டிருக்கிறேன்,
இந்த மழையில் காயாது.